நீ ஒருக்களித்து உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன்

தாலி கட்டுகிற நேரத்தில் மண்டபத்தில் எல்லாரும் உன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் நீ உட்கார்ந்திருந்த விதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சம்மணம் போட்டு மணையில் உட்கார்ந்தவன், உடம்புப் பாரத்தை எல்லாம் இடது தொடையில் ஏற்றி, வலது பக்கத்தைத் தரையில் படாமல் கொஞ்சம் தூக்கியே வைத்திருந்தாய். கொஞ்ச நேரத்தில் பைய நகர்ந்து வலது தொடைக்கு மாறினாய். அப்புறம் மறுபடியும் இடது. உன் சேக்காளிகள் பின்னால் நின்று, "மாப்பிள்ளைக்கு இருப்பு கொள்ளலயே, சீக்கிரம் முடியும் சாமி" என்று கேலி செய்தார்கள். சபையே சிரித்தது. நீயும் சிரித்தாய். சிரிக்கிற முகத்தில் மேலுதட்டில் வேர்வை முத்து முத்தாக நின்றது, அவ்வளவு பெரிய மின்விசிறி பக்கத்தில் ஓடியும். நான் மட்டும் சிரிக்கவில்லை. அப்படி ஒருவன் உட்காருகிறான் என்றால் எதனால் உட்காருகிறான் என்று எனக்குத் தெரியும். ஒரு கோடைக்காலம் முழுக்க நான் பேருந்தின் ஓட்டுநர் இருக்கையில் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன்.

அதற்குப் பிறகு கல்யாண வேலை எதிலும் என் மனம் நிற்கவில்லை. உன்னையே பார்த்துக்கொண்டிருந்தேன். முகூர்த்தத்துக்கு முன்னால் குளிக்கப் போனவன் வெளியே வராமல் இருந்ததும், போட்டோ எடுக்கிறவர் கதவைத் தட்டியதும், நீ நிலையைப் பிடித்துக்கொண்டே கண் சிவந்து வெளியே வந்து, "சோப்பு பட்டுட்டுப்பா" என்று சொன்னதும் அப்போதுதான் ஒவ்வொன்றாக ஞாபகத்துக்கு வந்தன. மறுநாள் பெண்வீட்டில் சொதி விருந்து. சொதி என்றால் சின்னப் பிள்ளையிலிருந்து வாங்கி வாங்கி ஊற்றிக்கொள்கிறவன், ஒரு கை சோற்றை மோரில் பிசைந்து குடித்துவிட்டு இலையை மூடினாய். நீங்கள் இரண்டு பேரும் ஓசூருக்குப் புறப்பட்டுப் போனபிறகு, மனது கேட்காமல் உனக்கு போன் போட்டேன். எப்படிக் கேட்பது என்று தெரியாமல் சுற்றி வளைத்துக் கேட்டேன். கடைசியில், "வெளிக்கி எல்லாம் ஒழுங்கா போகுதாப்பா? ரத்தம் ஏதும் படுதா?" என்றேன். நீ சொன்னாய்: "சூடுப்பா. கம்பெனியில அடுப்புப் பக்கத்துலயே நிக்க வேல. வேற ஒண்ணுமில்ல. விடுங்க." போனை வைத்துவிட்டாய். நீ இல்லை என்று சொல்லவில்லை. ரத்தம் படுகிறது. நான் பயந்தது ரத்தம் என்பதற்காக மட்டும் இல்லை. நீ சொன்ன அந்தச் சூடு என்கிற வார்த்தையை இதற்கு முன்னால் ஒருத்தர் வாயிலிருந்து கேட்டிருக்கிறேன்.

உன் பெரியப்பா வயிற்றில் கட்டி வந்து இறந்தார் என்றுதான் உனக்குத் தெரியும். நீ அப்போது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாய். ஊருக்கும் உறவுக்கும் அப்படித்தான் சொன்னோம். கட்டி இருந்தது வயிற்றில் இல்லை. மலக்குடலின் அடியில், ஒரு டாக்டர் விரல் வைத்துப் பார்த்தால் தட்டுப்பட்டிருக்கக்கூடிய தூரத்தில் இருந்தது. யாரும் விரல் வைத்துப் பார்க்கவில்லை. அண்ணன் யாரையும் பார்க்க விடவும் இல்லை. செங்கல் சூளையில் மேஸ்திரியாக இருந்தார் அல்லவா, ரத்தம் போக ஆரம்பித்ததும், "சூளையில நிக்கவனுக்குச் சூடு புடிக்காம குளிரா அடிக்கும்?" என்று சிரிப்பார். துத்தி இலையை விளக்கெண்ணெயில் வதக்கிக் கட்டினார். கருணைக்கிழங்கு தின்றார். சனிக்கிழமை தவறாமல் எண்ணெய் தேய்த்து ஆற்றில் போய் முங்கிக் கிடந்தார். கொஞ்ச நாள் ரத்தம் நிற்கும், "பாத்தியாலே, சூடு தணிஞ்சிட்டு" என்பார். மறுபடி வரும். மூலம், பௌத்திரம், ஆபரேஷன் இல்லாமல் குணம் என்று சுவரில் எழுதிப் போட்டிருந்த ஒரு ஆளிடம் போனார். அந்த ஆள் இவரைப் படுக்கக்கூடச் சொல்லவில்லை. மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தபடியே மூலம் என்று சொல்லிப் பொடி கொடுத்து அனுப்பிவிட்டான்.

பொடி தின்றுகொண்டிருந்த காலத்தில்தான் வேட்டி இடுப்பில் நிற்கவில்லை என்று பெல்ட் வாங்கிக் கட்டினார். "போயிட்டு வந்தாலும் போகாத மாதிரியே இருக்குலே" என்று திரும்பத் திரும்பப் போவார். ரத்தத்தோடு சளி மாதிரியும் வருகிறது என்று ஒரு தடவை என்னிடம் சொன்னார். நான் கேட்டுக்கொண்டேன். மதினியும் கேட்டுக்கொண்டாள். மூலம் முற்றினால் அப்படித்தான் இருக்கும்போல என்று நினைத்தோம். பயப்பட வேண்டிய காலத்தில் பயப்பட வேண்டும் என்று எங்களில் ஒருத்தருக்கும் தெரியவில்லை. நடந்துபோய் ஏறவேண்டியவரை நாங்கள் கைத்தாங்கலாக ஏற்றித் திருநெல்வேலிக்குக் கூட்டிப்போனபோது அது ஈரல் வரைக்கும் போய்விட்டிருந்தது. ஜன்னல் ஓரக் கட்டிலில் படுத்துக்கொண்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். "லே, மூலம்னுதானலே நெனச்சேன்" என்றார். நான் ஏதோ நம்பாத மாதிரி அதையே திருப்பித் திருப்பிச் சொன்னார். அவருக்குக் கோபம் இல்லை, அழுகை இல்லை. தப்பான பேருந்தில் ஏறிவிட்டவர் மாதிரி ஒரு திகைப்பு. அந்த முகம் இன்றைக்கும் எனக்குக் கண்ணை மூடினால் வருகிறது.

அவர் போய்ச் சில வருஷம் கழித்து எனக்கு வந்தது. நீ கல்லூரி விடுதியில் இருந்தாய். நான் திருநெல்வேலி - பாபநாசம் வண்டியில் ஓடிக்கொண்டிருந்தேன். நல்ல சித்திரை வெயில், காலடியில் இன்ஜின் சூடு. தண்ணீர் குடித்தால் வழியில் ஒதுங்க வேண்டும், ஒதுங்க இடம் கிடையாது என்று தண்ணீர் குடிக்காமலே ஓட்டுவது எங்கள் பிழைப்பில் எல்லாருக்கும் பழக்கம். காலையில் முதல் நடை என் வண்டி. வயிறு கூப்பிடுகிற நேரத்தில் நான் ஸ்டியரிங்கில் இருப்பேன். அடக்கிக்கொள்வேன். அடக்கி அடக்கி ஒருநாள் காலையில் கல்லு மாதிரி இறுகிப்போனது வெளியே வந்தபோது, உடைந்த கண்ணாடியை வைத்து அறுத்த மாதிரி ஒரு வலி. நான் சத்தம் போட்டுவிட்டேன். உன் அம்மா அடுப்படியிலிருந்து "என்னங்க?" என்று கேட்டாள். "பல்லி" என்று சொன்னேன். குனிந்து பார்த்தால் பளிச்சென்று ரத்தம். வலி அதோடு முடியவில்லை. மத்தியானம் வரைக்கும் உள்ளே யாரோ இறுக்கிப் பிடித்துப் பிழிகிற மாதிரி இருந்தது. அன்றைக்கு அம்பாசமுத்திரம் தாண்டுவதற்குள் எனக்கு அண்ணனின் முகம் வந்துவிட்டது.

வலி ஒரு பக்கம் இருக்கட்டும். பயம் என்னை என்ன செய்தது என்று உனக்குச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது உன்னையும் இப்போது செய்துகொண்டிருக்கிறது என்று நினைக்கிறேன். காலை விடிவதே பயமாகப் போயிற்று. கழிவறைக் கதவுக்கு முன்னால் போய் நிற்பேன், திரும்பி வந்துவிடுவேன். சாப்பிட்டால்தானே போக வேண்டும் என்று ராச்சாப்பாட்டை விட்டேன். அப்புறம் காலைச் சாப்பாட்டையும் குறைத்தேன். சாப்பிடாமல் இருந்தால் இன்னும் இறுகும், இறுகினால் இன்னும் கிழியும் என்று எனக்கு யார் சொல்லித் தருவார்கள்? நான் யாரிடம் கேட்டேன்? போய்விட்டு எழுந்ததும் கண்ணை மூடிக்கொண்டு வாளித் தண்ணீரை ஊற்றுவேன். ரத்தத்தைப் பார்க்காமல் இருந்தால் அன்றைக்கு ரத்தம் வரவில்லை என்று ஒரு கணக்கு. சேரன்மகாதேவியிலிருந்து வீரவநல்லூர் வரைக்கும் எங்கெங்கே வேகத்தடை இருக்கிறது, எங்கெங்கே குழி என்று என் உடம்புக்கே மனப்பாடம். இசக்கி என்று ஒரு கண்டக்டர் என்னோடு ஓடினார், "அண்ணாச்சி, என்ன ஒரு பக்கமா சாஞ்சே ஓட்டுதீய? இடுப்பு புடிச்சிட்டா?" என்று கேட்டார். "ஆமா வே, பிடிப்புதான்" என்றேன். சுவரெல்லாம் அந்த மூலம், பௌத்திரம் எழுத்து. இத்தனை வருஷம் கண்ணில் படாதது, இப்போது ஒவ்வொரு நிறுத்தத்திலும் என்னையே பார்த்து எழுதிய மாதிரி இருந்தது. ஒன்றின் முன்னால் இறங்கியும்விட்டேன். படியில் கால் வைத்தபோது அண்ணன் பொடி வாங்கிக்கொண்டு இதே மாதிரி ஒரு படியில் இறங்கி வந்த ஞாபகம் வந்து, திரும்பி வந்தேன். பெரிய ஆஸ்பத்திரிக்கும் போகவில்லை. அங்கே போனால் அதுதான் என்று சொல்லிவிடுவார்கள். சொல்லாத வரைக்கும் அது இல்லை.

கண்டுபிடித்தது உன் அம்மா. துணி துவைக்கும்போது காக்கிப் பேண்டில் கறையைப் பார்த்துவிட்டாள். நான் வேலை முடிந்து வந்தபோது துவைக்கிற கல்லிலேயே உட்கார்ந்திருந்தாள். பேண்டைத் தூக்கிக் காட்டி, "இது என்ன?" என்றாள்.

"சூடுதான். வண்டியில உக்காந்து உக்காந்து…"

"அந்தச் சொல்ல இந்த வீட்டுல சொல்லாதீய. பெரிய அத்தானும் அதத்தான சொன்னாரு."

அவள் அழவில்லை. பேண்டைத் திரும்ப வாளியில் போட்டுவிட்டு, "நாளைக்கு லீவு சொல்லுங்க, நானும் வாரேன்" என்றாள். பயத்தில் அவள் முகம் சாம்பல் மாதிரி இருந்தது. இருந்தாலும் அவளுடைய பயம் அவளை எழுந்து நடக்கச் சொன்னது. என்னுடையது என்னை ஒளியச் சொன்னது. இரண்டும் ஒரே பயம்தான்.

ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனோம். நல்ல கூட்டம். பெஞ்சில் இடம் இருந்தும் நான் உட்காராமல் தூணைப் பிடித்து நின்றேன். எனக்குப் பக்கத்தில் இன்னொருத்தரும் உட்காராமல் நின்றார், வாழைத்தார் வியாபாரி. "உக்காருங்க அண்ணாச்சி" என்றேன். "நீங்க உக்காருங்க" என்றார். இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தோம், அப்புறம் வேறு பக்கம் பார்த்துக்கொண்டோம். அவர் எனக்கு முன்னால் உள்ளே போனார். வெளியே வந்தபோது கண்ணில் தண்ணீரும் முகத்தில் சிரிப்புமாக வந்தார். என் காதோரமாகக் குனிந்து, "கோலிக்குண்டு கணக்கா ஒரு கட்டி முந்தாநாள் திடீர்னு கெளம்பிட்டு. நான் என்னென்னமோ நெனச்சிட்டேன். ரத்தம் உறைஞ்சி நிக்காம், வேற ஒண்ணுமில்ல, தானா வத்திருமாம்" என்றார். நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? இவருக்கு ஒன்றுமில்லை என்று ஆகிவிட்டது, அப்படியென்றால் எனக்குத்தான் என்று தோன்றியது. பயம் அப்படியெல்லாம் கணக்குப் போடும்.

டாக்டரம்மா உன்னைவிட நாலைந்து வயது மூத்தவராக இருப்பார். "வயித்து வலி" என்றேன். எங்கே என்று கேட்டார். வயிற்றைத் தடவிக்காட்டினேன். உன் அம்மா பொறுக்க முடியாமல், "வெளிக்கி போற எடத்துல ரத்தம் வருது டாக்டர், வலி தாங்க முடியல, சோறு திங்க மாட்டேங்காரு" என்று போட்டு உடைத்தாள். அந்த டாக்டரம்மா முகம் சுளிக்கவில்லை, சிரிக்கவும் இல்லை. ஜலதோஷத்தைப் பற்றிக் கேட்கிற மாதிரிக் கேட்டார். ரத்தம் தனியாகச் சொட்டுகிறதா, மலத்தோடு கலந்து வருகிறதா. எடை குறைந்ததா. போகிற வழக்கம் மாறியிருக்கிறதா. குடும்பத்தில் யாருக்காவது குடலில் புற்றுநோய் உண்டா. கடைசிக் கேள்விக்கு நான் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். உன் அம்மா, "இவங்க கூடப் பொறந்த அண்ணனுக்கு" என்றாள். எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது. அந்தப் பேனா நின்றதைப் பார்த்து எனக்கு உயிர் போய்த் திரும்பி வந்தது.

திரைக்குப் பின்னால் கூட்டிப்போனார்கள். கூடவே ஒரு ஆண் நர்ஸ் நின்றார். இடது பக்கமாகப் படுத்து முழங்காலை நெஞ்சோடு சேர்த்துக்கொள்ளச் சொன்னார்கள். என் வயதுக்கு, ஒரு பொம்பளைப் பிள்ளை முன்னால் இப்படிக் கிடக்கிறேனே என்று சுவரைப் பார்த்துக்கொண்டு கண்ணை இறுக்கி மூடினேன். "தொடப் போறேன், வலிச்சா சொல்லுங்க, நிறுத்திருவேன்" என்று சொல்லிவிட்டுத்தான் தொட்டார். விரித்துப் பார்த்தார், அவ்வளவுதான். "இந்தா இருக்கு, நல்லா கிழிஞ்சிருக்கு. இது வெடிப்பு. இன்னைக்கு விரல் வச்சிப் பாக்க வேண்டாம், உங்களால தாங்க முடியாது. மொதல்ல இத ஆத்துவோம்" என்றார். இதற்காகவா இத்தனை நாள் செத்துக்கொண்டிருந்தேன்? முழுசாக ஒரு தேநீர் ஆறுகிற நேரம்கூட ஆகவில்லை.

வெளியே உட்கார வைத்து, உட்கார வைத்து என்ன, நிற்க வைத்துத்தான், எனக்கு விளங்குகிற மாதிரி சொன்னார். அந்த இடத்துத் தசை வலியில் இறுகிக்கொள்கிறது, இறுகுவதால் ரத்த ஓட்டம் குறைந்து புண் ஆறாமல் கிடக்கிறது, மறுநாள் மலம் கட்டியாகப் போனால் அதே இடம் மறுபடி கிழிகிறது என்றார். தசை தளர ஒரு களிம்பு கொடுத்தார், அதைத் தடவினால் சிலருக்குத் தலைவலி வரும், பயப்பட வேண்டாம் என்றும் முதலிலேயே சொன்னார். மலம் இளகுவதற்கு ஒரு மருந்து. போய்விட்டு வந்ததும் அகலமான பாத்திரத்தில் வெதுவெதுப்பான தண்ணீரில் உட்காரச் சொன்னார். சாப்பாட்டை விடக்கூடாது, கீரையும் கொய்யாவும் காய்கறியும் கூடுதலாகத் தின்ன வேண்டும், தண்ணீர் குடிக்க வேண்டும், வருகிற நேரத்தில் போக வேண்டும், முக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கக்கூடாது, செல்போனோடு உள்ளே போகக்கூடாது. டிரைவர் எப்படித் தண்ணீர் குடிக்க என்று கேட்டேன். "எறங்கிப் போயிட்டு வாங்க. பஸ்ஸு அஞ்சு நிமிசம் நிக்கட்டும், ஒண்ணும் ஆயிராது" என்றார். வீட்டுக்கு வந்ததும் துணி ஊறவைக்கிற பிளாஸ்டிக் டப்பில் வெந்நீர் விளாவி உன் அம்மா கொண்டுவந்து வைத்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு அதில் இறங்கி உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் அந்தப் பிடி பைய விட்டது பார், எத்தனையோ நாளைக்குப் பிறகு நான் முழுப் பாரத்தையும் போட்டு உட்கார்ந்தது அன்றைக்குத்தான். பயத்தோடேயே சாப்பிட்டேன். பயத்தோடேயே மறுநாள் போனேன். வலி உடனே போகவில்லை, வாரக்கணக்கில் ஆயிற்று, ஆனால் குறைந்துகொண்டே வந்தது.

சரியாகிவிட்டது என்று நான் அத்தோடு நின்றிருப்பேன். அந்த டாக்டரம்மா விடவில்லை. புண் ஆறியபிறகு வரச்சொல்லி, அப்போது விரல் வைத்துப் பார்த்தார், சின்னக் குழாய் வைத்தும் பார்த்தார். உள்மூலம் கொஞ்சம் இருக்கிறது, அதற்கு இப்போது ஒன்றும் செய்ய வேண்டியதில்லை என்றார். அப்புறம் சொன்னார்: "ரத்தம் வந்ததுக்கு வெடிப்புதான் காரணம். ஆனா அண்ணனுக்கு இருந்திருக்கு, உங்க வயசும் ஆயிட்டு. குடல் முழுசும் ஒரு தடவை கேமரா விட்டுப் பாத்திருவோம்." எனக்கு முன்னைவிடப் பயம் அதிகமாயிற்று. முன்னே வலி இருந்தது, அதனால் பயந்தேன். இப்போது வலியே இல்லாத உடம்புக்குள் போய்த் தேடப்போகிறார்கள். வேண்டாம் என்று இரண்டு மாசம் இழுத்தேன். உன் அம்மா சண்டை போடவில்லை, அதுதான் என்னைத் தோற்கடித்தது. நான் ஒவ்வொரு தடவை கழிவறையிலிருந்து வெளியே வரும்போதும் அடுப்படி வாசலில் வந்து நின்று என் முகத்தைப் பார்ப்பாள், ஒன்றும் கேட்காமல் உள்ளே போய்விடுவாள். அதைத் தாங்க முடியாமல்தான் திருநெல்வேலிக்குப் போனேன். முதல்நாள் குடல் கழுவ மருந்துத் தண்ணீர் குடித்ததுதான் கஷ்டம். சோதனையில் மயக்கம் மாதிரி ஒரு தூக்கம், எழுப்பும்போது முடிந்திருந்தது. குடலுக்குள் காளான் மொட்டு மாதிரி ஒன்று இருந்ததாம், அப்போதே எடுத்துவிட்டார்கள். அதைச் சோதனைக்கு அனுப்பியிருக்கிறோம் என்றார்கள்.

முடிவு வருகிற வரைக்கும் நான் வண்டி ஓட்டினேன். வீட்டில் இருந்தால் பைத்தியம் பிடித்திருக்கும். ஆற்றுப் பாலத்தில் போகும்போதெல்லாம் இன்னும் எத்தனை தடவை இதைத் தாண்டுவேன் என்று நினைப்பு வரும். முடிவைக் கையில் வைத்துக்கொண்டு டாக்டர், "புற்றுநோய் இல்ல" என்றார். நான் பக்கத்தில் நின்ற உன் அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டேன். அவர் தொடர்ந்து சொன்னார். இப்படியே விட்டிருந்தால் சில வருஷத்தில் அது அப்படி மாறியிருக்கக்கூடிய சாதி. இனி அவ்வப்போது வந்து பார்த்துக்கொள்ள வேண்டும். "பிள்ளைங்க இருக்காங்களா? அவங்களுக்கும் பின்னால பாக்க வேண்டியது வரும். ரத்தம் கித்தம் பட்டா மூலம்னு அவங்களே முடிவு பண்ண வேண்டாம்னு சொல்லி வையுங்க." உனக்கு அப்போது பரீட்சை. அம்மா போனில், "அப்பாவுக்கு வயித்துல கேமரா விட்டுப் பாத்தாங்க, ஒண்ணுமில்லையாம்" என்று சொன்னாள். நீ சரி என்றாய். இருபது வயசுப் பிள்ளைக்கு அது சரிதான்.

உன்னிடம் இருப்பது வெடிப்பாகத்தான் இருக்கும். நீ உட்கார்ந்த விதம் அதைத்தான் சொல்கிறது. உன் வயதில் அதற்குத்தான் வாய்ப்பு என்று யாரும் சொல்வார்கள். ஆனால் அதைச் சொல்ல வேண்டியது நான் இல்லை, நீயும் இல்லை. ஒரு டாக்டர் பார்த்துச் சொல்ல வேண்டும், மேசைக்கு அந்தப் பக்கம் இருந்து இல்லை. போய்ச் சொல்லும்போது என் அண்ணனைப் பற்றிச் சொல், எனக்கு எடுத்ததைப் பற்றியும் சொல். மறைக்காதே. இதை எழுதும்போது எனக்குப் பயமாக இருக்கிறது. பத்தில் ஒன்பது பங்கு வெடிப்புதான் என்று மனதைத் தேற்றினாலும், மிச்சம் இருக்கிற ஒன்று போதும், அது என்னைத் தூங்க விடுவதில்லை.

நேற்று உன் பெண்டாட்டி உன் அம்மாவுக்கு போன் போட்டாள். அதனால்தான் இன்றைக்கு உட்கார்ந்து எழுதுகிறேன். "அத்த, அவுக வீட்டுல என்ன மாதிரி சாப்பிடுவாக? நான் என்ன சமைச்சாலும் ராத்திரி ஒரு வாய் திங்க மாட்டேங்காக. பசிக்கலங்காக. என் கைப்பக்குவம் பிடிக்கலபோல, நீங்க கொஞ்சம் சொல்லித் தாங்க" என்று கேட்டிருக்கிறாள். கேட்கும்போதே குரல் உடைந்துவிட்டதாம். நீ சாப்பிடாமல் இருப்பது எதற்கு என்று எனக்குத் தெரியும். அவளுக்கு எப்படித் தெரியும்? அவள் புளி கூடிப்போயிற்றா, உப்பு குறைந்துபோயிற்றா என்று குழம்பைத் திரும்பத் திரும்ப ருசி பார்த்துக்கொண்டிருக்கிறாள். கட்டிக்கொண்டு வந்து இத்தனை நாளில் அந்தப் பிள்ளைக்கு இது வேண்டுமா? அவளிடம் சொல். வெட்கமாக இருந்தால் இந்தக் கடிதத்தை அவள் கையில் கொடு. உன் அம்மா அன்றைக்கு எனக்காக டாக்டரிடம் வாய் திறக்காமல் இருந்திருந்தால் நான் வயிற்று வலி மாத்திரை வாங்கிக்கொண்டு திரும்பியிருப்பேன்.

வியாழக்கிழமை காலையில் ஓசூரில் வந்து இறங்குகிறேன். உன்னைக் கேட்காமலே டிக்கெட் எடுத்துவிட்டேன், கோபப்படாதே. நேரில் இதையெல்லாம் பேச என்னால் ஆகாது, உன்னாலும் ஆகாது. நம் இரண்டு பேருக்கும் அந்த வாய் கிடையாது. அதனால்தான் எல்லாவற்றையும் முன்னாலேயே எழுதி அனுப்புகிறேன். உங்கள் வீட்டிலிருந்து சுகாதார நிலையம் எந்தப் பக்கம் என்று விசாரித்து வைத்துவிட்டேன். நான் வந்ததும் நீ ஒன்றும் சொல்ல வேண்டாம், நானும் ஒன்றும் கேட்க மாட்டேன். காப்பி குடித்ததும் நான் எழுந்து நிற்பேன். நீ செருப்பை மாட்டிக்கொண்டு கூட வந்தால் போதும்.

அப்பா